கண்ணாடி எழும்பும் நேரம்

எங்கள் ஸ்டூடியோ கேமராவை நான் ஒரு நாளும் கையில் தூக்கியதில்லை. தூக்கவும் முடியாது. தரையோடு திருகி இறுக்கிய இரும்புக் கம்பத்தின் மேல் அது உட்கார்ந்திருக்கிறது. துடைக்கும்போது யார் கையாவது பட்டுத் திரும்பிவிடக் கூடாது என்று, அளவுகளை மாற்றும் அதன் சின்னச் சக்கரங்கள் எல்லாவற்றின் மேலும் முதலாளி கறுப்பு டேப் ஒட்டிவைத்திருக்கிறார். கேமராவிலிருந்து ஓர் ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகிறது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரின் முகம் திரையில் தெரியும். திரையில் முட்டை வடிவத்தில் ஒரு கோடு இருக்கும். முகம் அந்தக் கோட்டுக்குள் வரும்வரை ஸ்டூலை ஏற்றி இறக்க வேண்டும். வந்ததும் ஒரு பொத்தானைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

நாங்கள் எடுப்பது பாஸ்போர்ட் படம் மட்டும். "தாடையக் கொஞ்சம் எறக்குங்க. முடிய ஒதுக்குங்க, ரெண்டு காதும் தெரியணும். சிரிக்காதீங்க." இதைச் சொல்லித்தான் பல வருஷமாகச் சாப்பிடுகிறேன். சிரிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. விமான நிலையத்தில் முகம் பார்க்கும் இயந்திரத்துக்கு அழகு தெரியாது, அளவுதான் தெரியும். கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம், மூக்கு எவ்வளவு நீளம், வாயின் ஓரங்கள் எங்கே முடிகின்றன என்று அது அளக்கிறது. சிரித்தால் கன்னம் ஏறும், கண் சுருங்கும், வாய் அகலும். எல்லா அளவும் கலைந்துபோகும். அதனால் உதடு பிரிந்தாலே எங்கள் திரையில் முட்டைக் கோடு சிவப்பாகிவிடும். சிவப்பில் எடுத்த படத்தை மென்பொருளே அழித்துவிடும். பச்சையில் எடுத்தது மட்டும் தங்கும்.

என் மனைவி வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நர்ஸ். அங்கே போவதற்கான படத்தை நான்தான் எடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்ததுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் பனியனோடு திரிகிற ஆள், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு "தாடையக் கொஞ்சம் எறக்குங்க" என்று மரியாதையாகச் சொன்னால் சிரிப்பு வராதா? தட்டத் தட்டச் சிவப்பு. முதலாளி உள்ளே எட்டிப் பார்த்து, "என்னப்பா, மத்தவங்கள ஒரு நிமிஷத்துல அனுப்பிடறே, பொண்டாட்டிய மட்டும் விட மாட்டேங்கறே?" என்றார். அதற்கும் சிரித்தாள். கடைசியில் கண்ணை மூடி மூச்சை இழுத்து, எங்கிருந்தோ ஒரு முகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பச்சை. அந்த முகத்தோடுதான் அவள் விமானம் ஏறினாள். சிரித்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

"போன்ல எடுத்தா ஆச்சு" என்று யாரும் சொல்லலாம். லீவில் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டேன். போனை நீட்டியதும் அவள் கழுத்து தானாக நிமிரும், உதடு சேரும், முடி காதுக்குப் பின்னால் போகும். முதலில் என்னைக் கேலி செய்யத்தான் அப்படிச் செய்தாள். போகப் போக அதுவே பழகிவிட்டது. "நான் என்ன பண்ணட்டும்? உங்க மூஞ்சியப் பாத்தாலே ஸ்டூல்ல உக்காந்த மாதிரி இருக்கு" என்பாள். வீடியோ காலில் சிரிக்கத்தான் செய்கிறாள். ஆனால் நான் சொன்ன ஜோக் அங்கே போய்ச் சேர்ந்து, அவள் சிரிப்பு இங்கே வந்து சேர்வதற்குள் நான் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பேன். ஆஸ்பத்திரியில் இன்று ஒருவர் இறந்துபோனார் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது, போன பேச்சுக்குச் சிரித்த அவள் முகம் திரையில் உறைந்து நிற்கும்.

இந்த முறை மூன்று வாரம் லீவு கிடைத்திருப்பதாகச் சொன்னாள். அடுத்த நாளே நான் ஞாயிற்றுக்கிழமை புகைப்பட வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். அவள் சிரிக்க வேண்டும், அது தங்க வேண்டும்.

வகுப்பு எடுக்கிற அம்மா போனில் சொன்னார்: "சொந்தக் கேமரா வேணும். எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி. உள்ள கண்ணாடி வச்ச டிஎஸ்எல்ஆரா பாருங்க. முதல் ரெண்டு மாசம் பின்னாடி இருக்கற ஸ்க்ரீன டேப் போட்டு மூடிடுவேன்."

"ஏம்மா?"

"எடுத்த படத்தையே குனிஞ்சு பாத்துட்டிருந்தா எதிர்ல இருக்கற ஆள யாரு பாக்கறது?"

எங்கள் கடையில் சக்கரத்துக்கு டேப், இங்கே திரைக்கு டேப் என்று நினைத்துக்கொண்டேன்.

கேமரா வாங்க என் மைத்துனனைக் கூட்டிப்போனேன். அவன் பார்சல் வண்டி ஓட்டுகிறான். கேமராவைப் பற்றி இணையத்தில் வந்த வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்திருக்கிறான். கேமராவைத்தான் தொட்டுப் பார்த்ததில்லை. போகும் வழியெல்லாம் மெகாபிக்சல் மெகாபிக்சல் என்றே வந்தான். கடையில் இருந்த அம்மா, கழுத்தில் தொங்கிய மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, புத்தம் புதிய டிஎஸ்எல்ஆர் ஒன்றை என் கையில் கொடுத்தார். எடையே தெரியவில்லை. பின்பக்கம் இருந்த சின்னச் சன்னலில் கண்ணை வைத்து, வாசலைப் பார்த்து, பொத்தானை அழுத்தினேன். படக்கென்று ஒரு சத்தம். கண் முன்னால் ஒரே இருட்டு. உடனே வெளிச்சம் திரும்பி வந்தது.

"இது பழுதும்மா. அமுக்கினா அணைஞ்சு போகுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இன்னொன்றைக் கொடுத்தார். அதிலும் இருட்டு.

"இதுவும் பழுது."

"மாமா, ரெண்டுமே பழுதுன்னா கண்ணுதான் பழுதா இருக்கணும்" என்றான் மைத்துனன்.

"நீ சும்மா இரு மாப்ள."

"இதுக்கு முன்னாடி படம் எடுத்துப் பழக்கம் உண்டா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அதுதாம்மா என் தொழிலே."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இந்த ஊரில் பாதிப் பேரைப் படம் எடுத்திருக்கிறேன். எல்லோரையும் கம்ப்யூட்டர் திரையில்தான் பார்த்திருக்கிறேன். கேமராவின் கண்ணில் என் கண்ணை வைத்தது இன்றுதான் முதல் தடவை. விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். பிறகு லென்ஸைக் கழற்றி உள்ளே காட்டினார்.

நகம் அளவைவிடச் சற்றே பெரிய கண்ணாடி ஒன்று உள்ளே சாய்ந்து நின்றது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் அதில் மோதி மேலே போகிறது. மேலே வளைந்து திரும்பி, பின்பக்கச் சன்னல் வழியாக நம் கண்ணுக்கு வருகிறது. படம் பதியும் தகடோ அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருட்டில் காத்திருக்கிறது. ஒரே வெளிச்சம் இரண்டு இடத்துக்குப் போக முடியாது. ஒன்று கண்ணுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் தகட்டுக்குப் போக வேண்டும். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பி வழிவிடுகிறது. தகடு பார்க்கிறது. கண்ணாடி மறுபடி கீழே விழுகிறது. நான் கேட்ட சத்தம் அதுதான். எனக்குப் புரிய வேண்டும் என்று, கண்ணாடி நன்றாக நின்று விழும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்து இரண்டு மூன்று முறை அழுத்திக் காட்டினார்.

"அப்ப படம் விழற நேரத்துல, எடுக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாது. அதுக்கு முன்னாடி தெரியும், பின்னாடி தெரியும். அந்த நேரம் மட்டும் தெரியாது."

"அதான் இப்ப கண்ணாடி இல்லாத கேமரா வந்துடுச்சே! மாமா, அத எடுங்க" என்றான் மைத்துனன்.

அந்த அம்மா அப்படி ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். சன்னலுக்குள்ளே குட்டியாக ஒரு டிவி இருந்தது. இருட்டவே இல்லை. கடையின் மங்கலான மூலையைப் பார்த்தபடி லென்ஸுக்கு முன்னால் கையை ஆட்டினேன். உள்ளே தெரிந்த கை, என் கைக்குக் கொஞ்சம், மிகக் கொஞ்சம் பின்தங்கி வந்தது. மைத்துனன் பார்த்துவிட்டு எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றான். அவனுக்குத் தெரியாது. வருஷக்கணக்காக ஒரு சிரிப்புக்காகத் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும்.

"வேண்டாம்மா. திரையில பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சு."

கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று முதலில் எடுத்துக் கொடுத்த புதியது. மற்றது, யாரோ வைத்திருந்து விற்றுவிட்டுப் போன பழையது. மூலைகளில் வண்ணம் தேய்ந்து, செங்கல் போலக் கனத்தது. புதியதில் பின்திரை மடங்கித் திரும்பும், வீடியோ எடுக்கும், மெகாபிக்சலும் அதிகம். பழையதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். புதியதில் வெளிச்சத்தை மேலே வளைத்துத் திருப்பும் வேலையைச் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் செய்கின்றன. ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது. பழையதில் அந்த இடத்தில் பட்டை தீட்டிய ஒரே பளிங்குக் கட்டி இருக்கிறது. கண்ணை வைத்துப் பார்த்தால், மங்கலான அறையிலிருந்து வாசலுக்கு வந்தது போல இருந்தது.

தெருவில் ஒருவர் பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் பட்ட வெயில்தான் லென்ஸில் நுழைந்து, கண்ணாடியில் மோதி, பளிங்குக்குள் புரண்டு என் கண்ணில் விழுந்தது. நடுவில் ஒயர் இல்லை, திரை இல்லை. அவர் கையைத் தூக்கினால் தூக்கியதுதான். அவள் இப்படி எதிரில் நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். கேமராவைக் கீழே இறக்க மனம் வரவில்லை.

"மாமா, அது பழசு. வீடியோவே எடுக்காது."

"எனக்கு எதுக்கு வீடியோ?"

"சரி, ஒரு நல்ல விஷயம் இருக்கு. அத வச்சா உங்க மூஞ்சியே தெரியல. அக்காவுக்குப் பிடிக்கும்."

அவன் கிண்டலாகச் சொன்னான். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. இத்தனை நாள் அவள் என் முகத்தைப் பார்த்துத்தானே நிமிர்ந்தாள்? பழையதையே வாங்கினேன். முன்னே பின்னே நீளாத சின்ன லென்ஸ் ஒன்றையும் வாங்கினேன். "இதுல கிட்டத்துல எடுக்கணும்னா நீங்கதான் நடந்து போகணும்" என்றார் அந்த அம்மா. நடக்கிறதுக்கென்ன?

அவள் வந்து சேர்ந்ததற்கு மறுநாள் காலை, சமையலறை சன்னலோரம் டீ டம்ளரோடு நின்றாள். பக்கவாட்டு வெயில் அவள் மேல் விழுந்தது. நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். கழுத்து நிமிர்ந்தது, உதடு சேர்ந்தது. அழுத்தவில்லை. காத்திருந்தேன்.

"என்ன, எடுக்கலையா?"

"நீ டீயக் குடி."

"அது என்ன பாதி மூஞ்சிய மூடிக்கிட்டு? ஒரு கண்ணுதான் தெரியுது, அதுவும் இறுக்கி மூடியிருக்கு. எலுமிச்சம்பழம் கடிச்ச மாதிரி."

"நீ குடியேன்."

அவள் ஒரு வாய் குடித்தாள். தலையைக் கொஞ்சம் தூக்கினாள். அதைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது. "தாடையக் கொஞ்சம் எறக்குங்க."

டம்ளர் பாதி வழியில் நின்றது. "யாருங்க அது பேசறது?" என்று கேட்டவள், அதற்கு மேல் முடியாமல் வெடித்துச் சிரித்தாள். டீ தளும்பியது. கையால் வாயை மூடப் போனாள். நான் அழுத்தினேன்.

இருட்டு.

வெளிச்சம் திரும்பியபோது அவள் குனிந்து புடவையில் சிந்திய டீயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து வந்து கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். பின்திரையை வகுப்பு அம்மாவின் கறுப்பு டேப் மூடியிருந்தது.

"வந்துச்சா?"

"தெரியல. படம் விழற நேரத்துல நானும் பாக்கல."

"அப்ப பிரிங்க."

"வகுப்புலதான் பிரிக்கணும்."

"யாரு வந்து பாக்கப் போறாங்க? நகத்தால ஒரு கீறு கீறினா போதும்."

டேப் பிரிக்கும் ஞாயிறு வருவதற்கு முன்பே அவள் விமானம் ஏறிவிடுவாள். அது அவளுக்கும் தெரியும். "நீ போனதுக்கு அப்புறம் பாத்துக்கறேன். எனக்கும் ஏதாவது மிச்சம் வேணாமா?" என்றேன். அவள் டேப்பின் ஓரத்தைத் தூக்கியிருந்தாள். அதைத் திரும்ப அழுத்தி ஒட்டிவிட்டு, துணி மாற்றப் போனாள்.

அந்த மூன்று வாரத்தில் இன்னும் பல தடவை எடுத்தேன். எதிலும் அவள் அப்படிச் சிரிக்கவில்லை. பெட்டி கட்டும்போது எடுத்ததில் பழைய ஸ்டூல் முகம்தான் நின்றது. விமான நிலையத்தில் கேமராவை நான் வெளியே எடுக்கவே இல்லை.

அந்த ஞாயிறன்று வகுப்பில் எல்லோரும் சேர்ந்து டேப்பைப் பிரித்தோம். அறை முழுவதும் சர் சர் என்று சத்தம். நான் பொத்தானைத் தட்டித் தட்டிப் பின்னால் போனேன். பெட்டி, மொட்டை மாடி, தூங்கும்போது அவள் பாதம். கடைசியாகச் சமையலறை வந்தது.

கண் இரண்டும் மூடியிருந்தது. வாய் முழுதாகத் திறந்திருந்தது. தாடை மேலே ஏறி, தலை ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு காது முடிக்குள் போயிருந்தது. மூட வந்த கை கலங்கலாகப் பாதிக் கன்னத்தை மறைத்தது. டம்ளரிலிருந்து எழும்பிய டீ காற்றில் நின்றது. எங்கள் திரையாக இருந்தால் முட்டைக் கோடு செக்கச்செவேல் என்று எரிந்திருக்கும்.

வகுப்பு அம்மா என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். "ஃபோகஸ் டம்ளர்ல விழுந்திருக்கு. முகம் கொஞ்சம் மெத்துனு போயிடுச்சு. இன்னும் ஒண்ணு எடுக்கலையா?"

"இல்லம்மா" என்றேன்.

மதியம் அவள் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரி உடையில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள்.

"பிரிச்சீங்களா? வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"எனக்கு அனுப்புங்க."

"அனுப்ப மாட்டேன். உன்னோட ஒரு மூஞ்சியாவது எங்கயும் போகாம இங்க இருக்கட்டும்."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கும் முகத்தோடுதான் இருந்தாள். நான் சொன்னது போய்ச் சேர்ந்து, அவள் சிரிப்பு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். இந்த முறை நான் வேறு பேச்சு எடுக்கவில்லை.