பூங்கா வண்டியில் ஒரு வலது கால்

பூங்காக்களுக்குப் பேர்போன அந்தச் சின்ன நகரத்தில் பெஞ்சுக்குப் பஞ்சமில்லை. உட்காரத்தான் அண்ணன் விடவில்லை.

அண்ணனுக்குப் பூங்காத் துறையில் மேற்பார்வை வேலை. தங்கையும் அவள் கணவரும் வந்திறங்கியதுமே, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி ஒவ்வொரு பூங்காவாக இழுத்துக்கொண்டு ஓடினார்.

"மாப்ள, இந்த மரத்துக்கு என்ன வயசிருக்கும், சொல்லுங்க பாப்போம்?"

"என் முதுகு வயசு இருக்கும் மச்சான்."

மாப்பிள்ளை நெடுந்தூர பஸ் டிரைவர். போன மாதம் ஒரு வளைவில் கண் அசந்துவிட்டார். பஸ் ஓர மண்ணில் இறங்கி நின்றது. யாருக்கும் கீறலில்லை, டீக்கு நிறுத்தியிருக்கிறார்கள் என்று பாதிப் பேர் இறங்கியே விட்டார்கள். மனைவியிடம் மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவர் வண்டியெடுத்தால் இவளுக்குத் தூக்கம் கிடையாது. அண்ணனைப் பிடித்து இங்கே பூங்காவைச் சுற்றும் பேட்டரி வண்டியை ஓட்டும் வேலையை இவருக்குக் கேட்கும்படி செய்தாள். சேருகிறாரா இல்லையா என்று இன்று பதில் சொல்லியாக வேண்டும்.

"அதெல்லாம் ஒரு வண்டியா? நடந்து போறவன் ஓவர்டேக் பண்ணுவான்," என்றார் டிரைவர். "எனக்கென்ன களைப்பா?"

ஐந்தாவது பூங்காவில் மூன்று பேருக்கும் முட்டி மக்கர் செய்தது. அந்தப் பேட்டரி வண்டியிலேயே ஏறினார்கள்.

பிறர் ஓட்டும் வண்டியில் மாப்பிள்ளை தூங்கியதே இல்லை. வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடித் தரையை மிதிக்கும். வலது செருப்புதான் முதலில் தேயும். அவள் மரத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வளைவில் கால் அழுத்தமாக மிதித்தது. வாத்துக்குளத்தருகே அரைமனதாக. ரோஜாப் பாத்தியில் சும்மா கிடந்தது. பிறகு அவள் தோளில் தலை சாய்ந்தது.

"மாப்ள, அந்தப் பக்கம் பாருங்க..." அண்ணன் திரும்பினார். "தூங்கிட்டாரா? இவரையா வண்டி ஓட்ட வைக்கச் சொல்ற?"

"கத்தாதண்ணே." வண்டிக்காரரிடம், "இன்னொரு சுத்து போங்க," என்றாள்.

"மறுபடியும் இதே மரந்தாம்மா வரும்."

"வரட்டும்."

வந்தது. அதற்கடுத்த சுற்றிலும் வந்தது. அண்ணன் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அதைக் கடந்தார்.

வெயில் தாழ்ந்தபோது டிரைவர் விழித்தார். தன் வலது காலை, யாரோ மறந்துவிட்டுப்போன பையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"களைப்பாத்தான் இருக்கு," என்றார் மெதுவாக.



கொஞ்ச நேரம் கழித்து முன்னால் குனிந்து வண்டிக்காரரைக் கேட்டார்: "இதுல ஹாரன் எங்க இருக்கு?"

"ஹாரன் இல்லீங்க. மணிதான்."

டிரைவர் நெடுமூச்சு விட்டார். "சரி, அதையாவது ஒருதரம் அடிங்க. கேட்டுப் பழகணுமில்ல."