பசிலிசாவின் இறங்காத வீடு

கடலோரத்துச் சாந்தா ருஃபினா நகராட்சியில் பசிலிசாவின் வீடு மட்டும் தரையில் நிற்பதில்லை. ஆள் தோள் உயரத்தில், காற்றில் நிற்கிறது. அடியில் கோழி மேய்கிறது, மழை வந்தால் தெரு நாய்கள் ஒதுங்குகின்றன, அக்கம்பக்கத்தார் விறகு அடுக்க இடம் கேட்டால் பசிலிசா தாராளமாகக் கொடுக்கிறாள். சந்தேகப்படுகிறவர்கள் வந்து குனிந்து பார்க்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

இதற்கு மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை, சாளை மீன்தான் காரணம். அந்தக் கரையில் வீடு மாறுவதென்றால் சாமானை மட்டும் மாற்ற மாட்டார்கள், வீட்டையே மாற்றுவார்கள். மூங்கிலும் நீப்பா என்கிற நீர்ப்பனை ஓலையுமாகக் கட்டிய வீட்டின் அடியில் நீளக் கழிகளைக் கட்டி, ஊர் ஆண்பிள்ளைகள் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். இறக்கி வைத்ததும் வீட்டுக்காரன் பன்றி சுட்டு, கள் ஊற்றி, எல்லோர் வயிற்றையும் நிரப்பி அனுப்ப வேண்டும். பசிலிசா தலைப்பிள்ளை உண்டாகியிருந்த வருஷம் கடல் வாசல்வரை அரித்துவிட்டதால், அவள் புருஷன் தியோபிஸ்தோ வீட்டைத் தென்னந்தோப்புப் பக்கம் கொண்டுபோக ஏற்பாடு செய்தான். தூக்கினார்கள், பாடினார்கள், சேர வேண்டிய இடத்துக்கும் வந்துவிட்டார்கள். இறக்கச் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்துக் கரையிலிருந்து சங்கு ஊதியது. சாளைக் கூட்டம் வந்துவிட்டது! கரைவலைக் கயிற்றில் கை வைத்தவனுக்கெல்லாம் பங்கு உண்டு என்பது அங்கே வழக்கம். அவ்வளவுதான், முன்னால் இருந்தவன் பின்னால் இருப்பவன் தாங்கிக்கொள்வான் என்று தோளை உருவினான், பின்னால் இருந்தவன் முன்னால் இருப்பவனை நம்பி உருவினான். தியோபிஸ்தோ எல்லோருக்கும் முந்தி ஓடினான். அடுப்படியில் உட்கார்ந்திருந்த பசிலிசா, பாட்டுச் சத்தம் நின்றுபோனதே என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கீழே ஒரு ஈ காக்கை இல்லை.

சாயங்காலம் கூடை கூடையாக மீனோடு திரும்பியவர்கள் வீடு விட்ட இடத்திலேயே நிற்பதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள். கழிகளைப் பிடித்துத் தொங்கி அமுக்கினார்கள், அது படகு மாதிரி கொஞ்சம் தாழ்ந்து மறுபடி ஏறிக்கொண்டது. பாதிரியார் தீர்த்தம் தெளித்தார், ஓலை நனைந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு மணிலாக் கயிற்றால் வீட்டைத் தென்னைமரத்தில் கட்டிவிட்டு, ஏணியைத் தொங்கவிட்டு, பன்றியைத் தின்றுவிட்டுப் போனார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் வீடு மேலத்தெரு பக்கம் சாயும், தென்மேற்குக் காற்றில் கீழத்தெரு பக்கம் வரும். அதனால் பசிலிசாவின் ஓட்டு எந்தத் தெருவுக்கு என்று தேர்தலுக்குத் தேர்தல் அடிதடி நடந்தது. தரையில் நில்லாத வீட்டுக்கு வரி போடச் சட்டத்தில் இடமில்லை என்று நகராட்சிக்காரர் கையை விரித்தார். மகள் லூமிங் என்கிற லுமினாதா அங்கேதான் பிறந்தாள், தவழ்ந்தாள், ஒருதரம்கூடக் கீழே விழுந்ததில்லை. தியோபிஸ்தோ காய்ச்சலில் செத்தபோது சவப்பெட்டியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். பசிலிசா அழுதாள், கருப்பு உடுத்தினாள், வருஷம் திரும்பியதும் கருவாட்டு வியாபாரத்தில் இறங்கித் தலை நிமிர்ந்தாள். வீட்டைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, எவரிஸ்தா வாயைத் திறக்கும்வரை.

எவரிஸ்தா அந்த ஊரின் ஒரே கல்வீட்டுக்காரி, கொப்பரைக் கிடங்கும் அவளுடையதே. ஊரார் அவளை மரியாதைக்குத் தோன்யா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மகன் அர்னுல்போவுக்கு லூமிங்கைத் தவிர வேறு யாரும் கண்ணில் படவில்லை. லூமிங்குக்கும் அவன் என்றால் உயிர். அங்கெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுப் படியேறி வந்து பெண் கேட்க வேண்டும். படியேறாமல் கேட்டால் அது கேட்டதே ஆகாது. எவரிஸ்தா குடை பிடித்துக்கொண்டு தென்னைமரம்வரை வந்தாள், ஏணியை ஒரு பார்வை பார்த்தாள்.

"இது என்ன, தூளியா? இதுல நான் ஏறணுமா?"

"ஏறித்தான் பாருங்களேன், தோன்யா. மேல அரிசி அப்பம் சுட்டு வெச்சிருக்கேன்" என்றாள் பசிலிசா.

"தரையில கால் ஊனாத வீட்டுல பொண்ணெடுத்தா நாளைக்கு என் மகனும் காத்துல போயிடுவான். வீட்டை இறக்கு, வரேன். மாதா திருவிழாவுக்குள்ள இறங்கலேன்னா மருந்துக்கடைக்காரர் பொண்ணைப் பேசி முடிச்சிடுவேன்."

அன்று லூமிங் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பசிலிசா விடிந்ததும் கத்தியைத் தீட்டினாள். கருவாடு விற்று வளர்த்த பன்றியை வெட்டினாள், அந்தக் காலத்தில் வீடு தூக்கியவர்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். வந்தார்கள், நரைத்த தலையும் தொப்பையுமாக. வந்ததும் வராததுமாகப் பழைய சண்டையைக் கிளப்பினார்கள்.

"நான் தோளை எடுக்கவே இல்லக்கா. முதல்ல உருவினவன் இந்த நொனாத்தோதான்."

"அடப்பாவி, எனக்கு முன்னாடி உன் வேட்டைநாய்க் காலு பறந்துச்சே, மறந்துட்டியா? ரெண்டு கூடை மீன் வாங்கினவன் நீயா நானா?"

"சண்டையை அப்புறம் போடுங்கடா. முதல்ல குனிஞ்சு தோளைக் குடுங்க, அன்னிக்கு விட்டதை இப்ப இறக்கி வைங்க. என் பொண்ணு வாழ்க்கை இதுல இருக்கு" என்று பசிலிசா அதட்டினாள். குனிந்தார்கள், முக்கினார்கள், ஒருவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. செத்துப்போனவர்களுக்குப் பதிலாக அவரவர் மகன்கள் நின்றார்கள். வீடு இறங்கவில்லை. பன்றி காலியானது. கடைசி ஆளும் போனபிறகு பசிலிசா கையைக் கழுவிக்கொண்டு மகளிடம் சொன்னாள்: "போதும்டி. இந்த வீட்டுல உன்னைப் பெத்தேன், உங்கப்பனை வழியனுப்பினேன். இது இறங்காது. நானும் போய் அவ கால்ல விழ மாட்டேன். வர்றவ ஏறி வரட்டும்." எவரிஸ்தா மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் புதுத் துணி வாங்கிவிட்டாள் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் புயல் வந்தது. விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கடல் எழுந்து தெருவுக்குள் நடந்து வந்தது. தெருவெல்லாம் தண்ணீர் ஏற ஏறப் பசிலிசாவின் வீடும் கூடவே ஏறியது. கயிறு போதவில்லை என்று தெரிந்ததும் அவள் இன்னொரு கயிற்றை முடிந்து விட்டாள். ஜனங்கள் நீந்தியும் வாழைத்தண்டைப் பிடித்தும் வந்தார்கள், பாதிரியார் மாதா சிலையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் ஏறினார்கள். அந்தச் சின்ன வீட்டில் அத்தனை பேர் எப்படி அடங்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை, இடம் இருந்தது, உட்கார்ந்தார்கள். பசிலிசா பெரிய பானையில் கஞ்சி வைத்தாள்.

கடைசியாக அர்னுல்போ தோணியில் தாயைக் கொண்டுவந்தான். கல்வீட்டின் தகரக் கூரை பறந்து, சுவர் பாதி தண்ணீருக்குள் போயிருந்தது. எவரிஸ்தா நனைந்த கோழியாக ஏணியைப் பிடித்தாள், ஆனால் காலை எடுத்து வைக்கவில்லை.

"ஏறுங்கம்மா, தண்ணி நிக்காது!" என்று உள்ளிருந்தவர்கள் கத்தினார்கள்.

"ஏறினா அது வேற அர்த்தமாயிடுமே" என்றாள் எவரிஸ்தா. பல் தந்தியடித்தது.

பசிலிசா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். "அர்த்தத்தை அப்புறம் பாத்துக்கலாம். உசிரு முக்கியம். அர்த்தம் வேணாம்னா சும்மா ஏறுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எவரிஸ்தா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து ஏறினாள். மேலே வந்ததும் ஊரே அவளைத் திரும்பிப் பார்த்தது. லூமிங் ஒரு துண்டும் கஞ்சியும் கொண்டுவந்து கொடுத்தாள். எவரிஸ்தா தலையைத் துவட்டி, கஞ்சியை ஒரு பருக்கை விடாமல் குடித்து, கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சரி. ஏறிட்டேன். ஊரே பாத்துருச்சு. நான் வந்த காரியத்தைச் சொல்லிடறேன். உன் பொண்ணை என் மகனுக்குக் குடு, பசிலிசா."

பசிலிசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "கேக்கறது காதுல விழல. காத்து சத்தமா இருக்கு."

"குடு சம்பந்தி!" என்று எவரிஸ்தா கத்தினாள். வீடே சிரித்தது. பாதிரியார் அங்கேயே தேதி குறித்தார்.

தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் இறங்கி அவரவர் சேற்றை அள்ளப் போனார்கள். எவரிஸ்தா மட்டும் இறங்கவில்லை. கூரை போடும்வரை இருக்கிறேன் என்றாள். கூரை போட்டாகிவிட்டது, கல்யாணம் ஆகிவிட்டது, கல்வீட்டில் அர்னுல்போவும் லூமிங்கும் இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்கிறார்கள். எவரிஸ்தா இன்னும் இந்த இறங்காத வீட்டில்தான் இருக்கிறாள். பசிலிசாவோடு தாயம் ஆடுகிறாள், தோற்றால் சண்டை போடுகிறாள், மத்தியானத்தில் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு காற்று வாங்குகிறாள். யாராவது கீழே நின்று தயங்கினால் தலையை நீட்டி அதட்டுகிறாள்: "என்ன யோசனை? செருப்பைக் கழட்டிட்டு ஏறு."