நான்கு வருடத் தீர்ப்பு

ஏணியில் நின்றபடி அட்வோவா அப்பாவின் படத்தைப் பந்தல் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது எல்மினா துறைமுகத்துப் பக்கமிருந்து பித்தளை வாத்தியங்கள் முழங்கிக்கொண்டு வந்தன. வெள்ளைக் கைக்குட்டையை வீசி ஆடியபடி முன்னால் வந்தது அவளுடைய அம்மா மன்சா.

எழுபத்தெட்டு வயதுவரை வாழ்ந்தவரின் சாவுக்கு ஆட்டம் பாட்டம் உண்டுதான். ஆனால் மன்சா அவரிடமிருந்து விவாகரத்து வாங்கிப் பதினைந்து வருடமாகிறது. அவள் நேராக வந்து, மனைவிக்கென்று வழக்கத்துக்காகப் போட்டிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அப்பா கோபினாவின் அண்ணன் எக்கோதான் குடும்பத்துக்குத் தலைவர். ஊன்றுகோலால் தரையைத் தட்டினார்.

"மன்சா, அது பொண்டாட்டி உட்கார்ற இடம். நீதான் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டியே."

"கால் வலிக்குது பெரியத்தான். துறைமுகத்துலேர்ந்து ஆடிட்டு வரேன்."

அந்தக் கோர்ட்டு விவகாரம் ஊருக்கே தெரியும். மன்சாவுக்கு மூன்று படகுகள். புகை போட்ட மீனை ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் சந்தை சந்தையாகச் சுற்றுவாள். நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள கோபினா தையல் தொழிலை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். பிரிந்தபோது ஜீவனாம்சம் கேட்டார். ஆம்பளைக்கு ஜீவனாம்சமா என்று மீன் சந்தையே சிரித்தது. மன்சாவின் வக்கீலும் அதையேதான் கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டார்.

சாட்சி சொல்ல வந்த அட்வோவாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. "உனக்கு மலேரியா வந்தப்பெல்லாம் பக்கத்துல யாரும்மா இருந்தாங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"அப்பா. அம்மா சம்பாதிச்ச காசுல மாத்திரை வாங்கி, அப்பா குடுப்பாரு."

அவள் அம்மாவைப் பார்க்காமல்தான் சொன்னாள். வீட்டுக்காகத் தொழிலை விட்டவர் ஆணாக இருந்தாலும் அவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பானது.

இரண்டே வருடத்தில் கோபினா தையல்கடை திறந்துவிட்டார். ஆனாலும் மாதத்தின் முதல் சனிக்கிழமை மன்சா தானே உறையைக் கொண்டுவந்து, "இந்தா, உன் சம்பளம்" என்று மேசையில் போடுவாள். "மேடத்துக்கு ரசீது வேணுமா?" என்பார் அவர். பிறகு அவர் சமைத்த ஃபுஃபுக் களியும் வேர்க்கடலைக் குழம்பும் இருவருக்கும் ஒரே கிண்ணத்தில். சாயங்காலம்வரை அந்த வீட்டில் சண்டையும் சிரிப்பும் மாறிமாறிக் கேட்கும்.

எக்கோ விடுவதாக இல்லை.

"இவ கோர்ட்டுக்குப் பயந்து மாசாமாசம் வந்தவ, பாசத்துல வந்தவ இல்ல. அட்வோவா, உங்கப்பன் பெட்டியில அந்தத் தீர்ப்பு இருக்கும், எடுத்துட்டு வந்து படி. எல்லாரும் கேக்கட்டும்."

"இப்ப எதுக்கு அதெல்லாம்? விடுங்க பெரியத்தான்." மன்சாவின் குரல் சட்டென்று இறங்கியது.

அட்வோவா எடுத்துவந்து படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்ட? படிம்மா" என்றார் எக்கோ.

"மனுதாரர் மீண்டும் தொழில் தொடங்கி நிலைபெறும் பொருட்டு, நான்கு வருடங்களுக்கு மட்டும்..."

வாத்தியக்காரர்கள்கூடக் காது கொடுத்தார்கள்.

"அப்போ மீதி பதினோரு வருஷம்?" என்றார் எக்கோ.

மன்சா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள். "தலைக்கு மேல வேலை. வருஷத்த யாரு கணக்கு வெச்சா? மறந்துபோச்சு."

"நீயா மறப்ப?" என்றாள் பக்கத்திலிருந்த மீன்காரி ஒருத்தி. "எனக்கே மறந்துபோன என் கல்யாணத் தேதிய வருஷா வருஷம் சொல்றவ நீ."

பந்தல் குலுங்கியது. மன்சாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அட்வோவா மட்டும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடங்கள் என்ற சொற்களின் அடியில், துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டியால் ஒரு கோடு. அதைப் பெரியப்பாவிடம் நீட்டினாள்.

எக்கோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"கள்ளப்பய. கடையில நாலு பேர வேலைக்கு வெச்சுக்கிட்டு, தெரிஞ்சே மாசாமாசம் கைநீட்டி வாங்கியிருக்கான்."

மன்சா தாளை வாங்கி அந்தக் கோட்டை ஒரு தடவை விரலால் தடவினாள். அவள் விரலில் நீலம் ஒட்டியது. அதைத் துடைக்கவில்லை.

"என்ன வேடிக்கை?" என்று எக்கோ வாத்தியக்காரர்களை அதட்டினார். "ஊதுங்கய்யா."

பாட்டு கிளம்பியது. வெயில் ஏறிப் பந்தல் ஓரம் வழியாக மன்சாவின் முகத்தில் விழுந்தது. எக்கோ அவளை அந்த நாற்காலியிலிருந்து கிளப்பவில்லை. எழுந்து அரையடி தள்ளி நின்றுகொண்டார். அவருடைய நிழல் அவள்மேல் விழுந்தது.