பத்தாஷாவின் காது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையதல்ல. கொல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஹம்சினி, கணினி வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண், ஒரு சனிக்கிழமை கையில் ஸ்டீல் டப்பாவோடு அழுதபடி படியேறினாள். "என்னம்மா?" என்றேன். பாதி சொன்னாள். மீதியைச் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். எழுதுகிறவனிடம் பாதிக் கதை சிக்கினால் சும்மா விடுவானா?

2

முதல் தொடக்கம்: "கொல்கத்தாவின் தென்விளிம்பில், கைவிடப்பட்ட உயிர்களுக்கு அடைக்கலமாக…"

வேண்டாம். நன்கொடை கேட்பதுபோல் இருக்கிறது.

இரண்டாவது: பத்தாஷா ஒரு வெள்ளைப் பூனை. கண் இரண்டும் இல்லை. பின்னங்கால்கள் இழுபடும். ஓயாத சளியில் மோப்பமும் போய்விட்டது. மிச்சமிருந்தது காதுதான். அதனால் அது இருந்த விலங்குக் காப்பகத்தில் ஒரு வழக்கம்: தொடுவதற்கு முன் அவரவர் சத்தத்தைக் கொடுக்க வேண்டும். காப்பகத்தை நடத்தும் கலா, காளிகாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், சாவிக்கொத்தை ஆட்டுவாள். டாக்டர் தொண்டையைச் செருமுவார். சனிக்கிழமைதோறும் வரும் ஹம்சினி ஸ்பூனால் டப்பாவைத் தட்டுவாள். சத்தமில்லாமல் தொட்டால் பத்தாஷா மிரண்டு கடித்துவிடும்.

(டப்பா வந்த கதை: முதல் நாள் ஹம்சினி பூனைக்குத் தயிர்சாதம் கொண்டுபோனாள். மீனுக்குப் பேர்போன ஊரில். கலா விழுந்து விழுந்து சிரித்தாள். பத்தாஷா டப்பாவை வழித்து நக்கிவிட்டது.)

3

பத்தாஷாவின் முதுகில் வளர்ந்த கட்டிக்கு இனி மருந்தில்லை. அந்தச் சனிக்கிழமை ஊசி போட்டு உறங்கவைப்பதென்று முடிவானது. வாசலிலேயே கலா மறித்தாள்.

"இன்னிக்குத் தட்டாதே ஷோனா, என் தங்கமில்ல. உன் சத்தம் கேட்டா எழுந்து வரப் பார்ப்பா. அசைஞ்சாலே வலியில கத்தறா."

"தட்டலைன்னா நான் வந்ததே அவளுக்குத் தெரியாதுங்கக்கா."

"தெரியாமயே போகட்டும். டாக்டர்பாபு ஊசி ரெடி பண்றார்."

ஹம்சினி உள்ளே போய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். பூனை சாகப்போகிறது என்பதை அவள் எப்படியோ ஏற்றுக்கொண்டிருந்தாள். தன்னை எதிர்பார்த்துக்கொண்டே சாகும் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

4

ஒரு முடிவு: தட்டினாள். பத்தாஷா முன்னங்கால்களை ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு, கத்திக்கொண்டே அவள் மடிவரை…

(இதற்குமேல் எழுத மனம் வரவில்லை.)

இன்னொரு முடிவு: தட்டவில்லை. பத்தாஷா வலியில்லாமல், யாருமில்லாமல்…

(யாருமில்லாமலா? ஹம்சினி பக்கத்தில்தானே இருந்தாள்? இருந்தாள். பூனைக்குத் தெரியாது.)

மெதுவாகத் தட்டியிருக்கலாமே என்பீர்கள். அப்படியும் எழுதிப் பார்த்தேன். பத்தாஷாவுக்கு மெதுவாக வரத் தெரியவில்லை.

5

அவளிடமே கேட்டுவிடலாமென்று நேற்று மாடிப்படிவரை போனேன். கேட்காமல் திரும்பிவிட்டேன். இரண்டில் எதைச் செய்திருந்தாலும், அதை நினைத்துத்தான் அவள் அழுதுகொண்டிருப்பாள்.

ஆகவே கதை அந்த அறையிலேயே நிற்கிறது. டாக்டர் தொண்டையைச் செருமிவிட்டார். பத்தாஷாவின் ஒரு காது அவர் பக்கம் திரும்புகிறது. மற்றொரு காது இன்னும் கதவுப் பக்கமே இருக்கிறது.

ஸ்பூனை உங்களிடம் தருகிறேன்.