வண்டு வந்த வருஷம்

எண்ணெய் எடுக்கும் செம்பனையின் பூவுக்கு மகரந்தம் ஊதுவது புஷ்பவல்லியின் வேலை. மலேசியாவில் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரைத் தாண்டியிருந்த அந்தத் தோட்டத்தில் அது பெண்களின் வேலை. ஆண் பூவின் மகரந்தத்தை டால்கம் பவுடரோடு கலந்து குழாயில் அடைத்து, முள் மட்டைகளுக்குள் கையை விட்டுப் பெண் பூவின்மேல் ஊத வேண்டும். மதியம் லயத்து வீடுகளுக்குத் திரும்பும்போது எல்லோருக்கும் தலையும் புருவமும் வெளுத்திருக்கும். புஷ்பவல்லிக்கு அந்தத் தூள் சேரவில்லை. படுத்தால் இருமல் வந்துவிடும். ஆனாலும் வேலையை விட முடியவில்லை. குலை வெட்டும் கணவன் வேலாயுதத்தின் சம்பளம் மட்டும் போதாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

1981-இல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆப்பிரிக்காவில் செம்பனை தானாகவே நன்றாகக் காய்க்கிறது. அங்கே ஆண் பூவில் வளரும் ஒரு சின்ன வண்டு மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டுபோகிறது. இங்கே அந்த வண்டு இல்லாததால்தான் ஆள் வைத்து ஊத வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆராய்ச்சியாளர் டாக்டர் சண்முகரத்தினத்துக்குப் பெரிய பயம், வெளிநாட்டுப் பூச்சி இங்குள்ள பயிர்களில் கை வைத்துவிடக் கூடாதே என்பதுதான். வாழை, தென்னை, கொக்கோ என்று ஒவ்வொன்றையும் கூண்டுக்குள் கொடுத்துப் பார்த்தார்கள். வண்டு பட்டினி கிடந்து செத்ததே தவிர, எதையும் தின்னவில்லை. அதன் பிறகுதான் தோட்டத்தில் விட்டார்கள்.

அவரிடம் உதவியாளராக இருந்தவள் பெர்னடெட். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவள். வண்டு விட்ட மரங்கள் ஒரு பக்கம், பூவுக்குப் பை கட்டி வண்டு புகாமல் கையால் ஊதும் மரங்கள் மறு பக்கம். எதில் குலை நன்றாக வருகிறது என்று அவள் பார்க்க வேண்டும். கையால் ஊதும் பக்கத்துக்கு மானேஜர் கொடுத்த ஆள் புஷ்பவல்லி.

இரண்டு பேரும் நாள் முழுக்க ஒரே நிரையில் நின்றார்கள். பூக்கள் விரிந்தால் சோம்பு வாசம் தூக்கும். புஷ்பவல்லி தன் பிளாஸ்கிலிருந்து அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். ஒரு மரத்தையும் விட்டுவிடாமல் பொறுமையாக ஊதுவாள். அதைப் பார்க்கப் பார்க்கப் பெர்னடெட்டுக்கு மனம் உறுத்தியது. எதற்காக இந்தச் சோதனை என்று அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பெர்னடெட்டின் அப்பா ஸ்டானிஸ்லாஸ் நீராவி என்ஜினில் நெருப்புப் போட்டவர். டீசல் என்ஜின் வரப்போவது மேலதிகாரிகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது; அவருக்குத்தான் கடைசியில் தெரிந்தது. வேலை போன அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அவர் உட்கார்ந்திருந்ததை அவள் மறக்கவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டாள்.

"அக்கா, இந்த டிரையல் சக்சஸ் ஆனா, ஊதுறதுக்கு ஆள் தேவைப்படாது."

புஷ்பவல்லி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "இந்தப் பக்கம் மட்டுமா, தோட்டம் முழுக்கவா மிஸ்?"

"எல்லாத் தோட்டத்திலயும்."

புஷ்பவல்லி கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அப்ப நான் நல்லா ஊதுறது எதுக்கு?"

"நீங்க நல்லா ஊதினாத்தான் வண்டு எவ்வளவு செய்யுதுன்னு சரியாத் தெரியும்."

"என்னை வச்சே என்னை நிறுத்தப் பாக்குறீங்க." குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "இந்தப் பவுடரை விட்டாப் போதும்னு சாமிகிட்ட கேட்டது நான்தான். இப்படிக் குடுக்கும்னு நெனைக்கல லா."

மறுநாள் அவள் வரமாட்டாள் என்றே பெர்னடெட் நினைத்தாள். வந்தாலும் பைகளைக் கிழித்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும் என்றும் தோன்றியது. புஷ்பவல்லி வழக்கம்போல வந்தாள். காற்றில் அவிழ்ந்திருந்த ஒரு பையை இறுக்கிக் கட்டிவிட்டு, குழாயை எடுத்தாள். பெர்னடெட் தன் சந்தேகத்துக்காக உள்ளுக்குள் வெட்கப்பட்டாள்.

வண்டுதான் ஜெயித்தது. அது பரவிய இடமெல்லாம் குலைகள் காய் நெருக்கமாகப் பருத்து வந்தன. தூக்க முடியவில்லை என்று வேலாயுதமும் மற்ற ஆண்களும் முணுமுணுத்தார்கள். மானேஜர் முகம் மலர்ந்திருந்தார். சண்முகரத்தினம் ஒரு குலையை அறுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பெர்னடெட் கேட்டாள்.

"டாக்டர், அந்தப் பொம்பளைங்களுக்கு என்ன வழி?"

அவர் துடைப்பதை நிறுத்தினார். "வாழைக்கு என்ன ஆகும், தென்னைக்கு என்ன ஆகும்னு எல்லாம் பாத்தோம். இதை நான் யோசிக்கவே இல்லம்மா."

அன்றே மானேஜரிடம் போனார். குலை பெருத்தால் உதிரும் பழமும் கூடும், பொறுக்க ஆள் வேண்டும், ஊதும் பெண்களையே வையுங்கள் என்றார். மானேஜர் பாதிப் பேரை எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் அசையவில்லை.

புஷ்பவல்லிக்கு இடம் கிடைத்தது. அவளோடு சேர்ந்து ஊதிய சீதாலெட்சுமிக்குக் கிடைக்கவில்லை. அவள் சிரம்பானில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். குனிந்து குனிந்து பழம் பொறுக்கிப் புஷ்பவல்லியின் இடுப்புப் போயிற்று. அடுத்த வருஷம் அவளே கிள்ளானில் ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில் கேட்டுச் சேர்ந்தாள்.

கிள்ளான் பாசாரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெர்னடெட் அவளைப் பார்த்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

"இருமல் எப்படிக்கா?"

"அது போயிருச்சு மிஸ். நின்னுக்கிட்டே வேலை, காலுதான் வீங்குது." கையிலிருந்த கீரைக் கட்டைக் கூடையில் வைத்தாள். "சீதா பேசுறதே இல்ல. என் இடத்தை அவளுக்கு விட்டுக்குடுத்திருக்கலாம்னு சொல்றா."

பெர்னடெட் கேட்டாள். "நான் அன்னைக்குச் சொல்லாம இருந்திருக்கணுமாக்கா?"

"சொன்னதுதான் நல்லது. அன்னைக்கு ராத்திரியே நானும் எங்க வீட்டுக்காரரும் அடுத்து என்ன செய்றதுன்னு பேசி வச்சோம். மத்தவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. திடீர்னு போச்சு." அவள் பெர்னடெட்டின் கையைப் பிடித்தாள். "அவளுக்கும் ஒரு வழி இருந்தாச் சொல்லுங்க."

அந்த வாரமே பெர்னடெட் சீதாலெட்சுமியைத் தேடிச் சிரம்பானுக்குப் பஸ் ஏறினாள்.