இருபது நிமிஷம் கொதிக்கணும்

அன்பரசுவுக்குக் கடலூர் சிப்காட்டில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை. இருமல் டானிக்கைப் பாட்டிலில் அடைக்கிற பிரிவில் சூப்பர்வைசர். அந்த உத்தியோகத்தைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. அவன் அதைச் சிதம்பரம் வரைக்கும் சுமந்துகொண்டு வந்து, வாடகை வீட்டின் சின்னச் சமையலறையில் இறக்கி வைத்து, மனைவி சிந்துஜாவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான்.

குழந்தையின் பால் பாட்டில் கொதிக்க வேண்டும். சும்மா கொதித்தால் போதாது, இருபது நிமிஷம் தளதளவென்று கொதிக்க வேண்டும். இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். துணி போட்டுத் துடைக்கக் கூடாது, தானாகக் காய வேண்டும். நிப்பிளில் விரல் பட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து இறங்கியதும் இறங்காததுமாக, வாட்ச்சைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவான்.

"இன்னும் ஆவல. அதுக்குள்ள ஏன் ஆஃப் பண்ற?"

"தண்ணி வத்திப்போச்சுங்க. நிப்பிள் தீஞ்சிரும்."

"தண்ணிய ஊத்தி திரும்ப வை. எங்க கம்பெனில இப்படிப் பண்ணா சீட்டக் கிழிச்சிருவாங்க."

அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும். கேஸுக்குப் பதிந்து வைத்தும் சிலிண்டர் வந்தபாடில்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் மல்லுக்கட்டிவிட்டு, அந்த வாடையோடேயே போய் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா நடத்துவாள். இத்தனை கூத்துக்கும் நடுவில், பதினொரு மாதம் முடிந்த அஜய் வாசலுக்குத் தவழ்ந்து போய், அப்பன் கழற்றிப் போட்ட செருப்பின் வாரை வாயில் வைத்து ஆனந்தமாகச் சப்பிக்கொண்டிருப்பான்.

"இவன் செருப்பத் திங்கிறான். நாம பாட்டில வேவ வச்சிட்டிருக்கோம்" என்றாள் ஒருநாள்.

"செருப்ப எடுத்து உள்ள வைக்கிறதுக்கென்ன உனக்கு?" என்றான். இப்படிப் பேசுகிற மனுஷனிடம் மேற்கொண்டு என்னத்தைப் பேசுவது?

அவன் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐந்தாம் மாதத்தில் அஜய்க்கு வயிற்றால் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்து, அந்தப் பிஞ்சுக் கையில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. கடலூர் முதுநகரிலிருந்து அன்பரசுவின் அக்கா ராஜாமணி பார்க்க வந்தாள். வார்டில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "ஒரு பாட்டில ஒழுங்கா கழுவத் தெரியாதவளுக்கு வேல எதுக்கு?" என்று கேட்டாள். சிந்துஜாவுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அக்கா போன பிறகு அன்பரசு சொன்னான்: "இன்னொரு தரம் புள்ளைக்கு இப்படி ஆச்சுன்னா நீ ஸ்கூலுக்குப் போவ வேணாம். சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து அவள் ஒரு நாளும் பாட்டிலைக் கொதிக்க வைக்காமல் படியிறங்கியதில்லை. அந்த வேலை அவளுக்குச் சும்மா கிடைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு, வயிற்றில் பிள்ளையோடு பி.எட். பரீட்சை எழுதி வாங்கிய வேலை. கரும்பலகை முன்னால் நிற்கும்போது மட்டும்தான் அவள் யாருக்கும் பயப்படாமல் பேசினாள். அதைப் போய் ஒரு ரப்பர் நிப்பிளுக்காக இழந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கொதிக்க வைத்தாள்.

அன்பரசுவைப் பற்றி ஒரு நியாயமும் சொல்லியாக வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றுதான் அவன் நைட் ஷிப்ட்டே கேட்டு வாங்கினான். பகலெல்லாம் தூக்கத்தைத் தொலைத்துவிட்டுப் பால் கலக்கிக் கொடுத்தான், குளிப்பாட்டினான், தோளில் போட்டுத் தூங்க வைத்தான். அதில் குறை சொல்ல முடியாது. அதனாலேயே எதிர்த்துப் பேசவும் அவளுக்கு வாய் வரவில்லை.

'தானே' புயலுக்கு அடுத்து வந்த கோடை அது. கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி. பிரிட்ஜைத் துணி வைக்கிற அலமாரியாக ஆக்கிவிடலாமா என்று சிந்துஜா யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு சனிக்கிழமை காலையில் அஜய்க்கு மறுபடி வயிற்றால் போக ஆரம்பித்தது. துவண்டுபோய் அம்மா தோளில் சாய்ந்துகொண்டான். அன்பரசு அடுப்பில் இருந்த பாட்டில்களை ஒரு பார்வை பார்த்தான், அவளை ஒரு பார்வை பார்த்தான். அதற்குப் பதில் அவன் திட்டியே இருக்கலாம்.

குழந்தை டாக்டர் சபாபதி வயிற்றை அமுக்கிப் பார்த்தார், தோலை லேசாகக் கிள்ளிப் பார்த்தார். "பயப்பட ஒண்ணுமில்ல. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் எழுதித் தர்றேன், கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. பால் எப்படிக் குடுக்கறீங்க?"

அன்பரசு நிமிர்ந்து உட்கார்ந்தான். இருபது நிமிஷம், இடுக்கி, தானாகக் காய்வது என்று ஒன்று விடாமல் ஒப்பித்தான். டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி. பாதி குடிச்சிட்டு மிச்சம் வச்சிட்டான்னா?"

"வேஸ்ட் பண்றதில்ல சார். உடனே மூடி போட்டு டைட் பண்ணிருவேன். அடுத்த வேளைக்கு அதையே குடுத்துருவேன்."

"எவ்ளோ நேரம் கழிச்சு?"

"மூணு மணி, நாலு மணி நேரம் ஆவும். பாட்டில்தான் சுத்தமாக் கொதிச்சிருக்கே சார். எங்க டானிக்லாம் மூடி போட்டா ரெண்டு வருஷம் தாங்கும்."

சிந்துஜா அவனைத் திரும்பிப் பார்த்தாள். காதில் விழுவது நிஜம்தானா என்றிருந்தது.

"டானிக்க யாரும் வாய் வச்சுக் குடிச்சிட்டு மூடி போடறதில்லையே" என்றார் டாக்டர். "குழந்தை வாய் வச்ச பால ஒரு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. அதுவும் இந்த வெயில்ல. மிச்சத்தக் கீழ ஊத்திடுங்க. பாட்டில நல்லா பிரஷ் போட்டு, சோப்புத் தண்ணில கழுவிக் காய வச்சாலே இந்த வயசுக்குப் போதும். மனசு கேக்கலன்னா அஞ்சு நிமிஷம் கொதிக்க வைங்க. ஒரு வயசு ஆவப்போவுது, டம்ளர்ல பழக்கிட்டா பாட்டிலே வேணாம்."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்கள். ஐந்தாம் மாதத்திலும் பகலில் பால் கொடுத்தது இவன்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை மாதமாக ஒரு கொலைக் குற்றவாளியைப் போல அடுப்படியில் நின்றோமே என்று நெஞ்சு எரிந்தது. ஆனாலும், அவன் வாயாலேயே சொல்லட்டும், நாம் குத்திக்காட்ட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள். பிள்ளையை அவன் மடியில்தான் வைத்திருந்தான். அதன் தலையைத் தடவிக்கொண்டே வந்தான்.

வீட்டு வாசலில் ராஜாமணி இளநீரோடு நின்றிருந்தாள். காலையிலேயே தம்பி போன் செய்திருக்கிறான். உள்ளே வந்து உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"நான் அன்னிக்கே தலபாடா அடிச்சிக்கிட்டேன். ஸ்கூலு ஸ்கூலுன்னு ஓடுனா புள்ளைய யாரு பாக்குறது? டாக்டர் என்னடா சொன்னாரு?"

சிந்துஜா காத்திருந்தாள். அன்பரசு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"பாட்டில்ல ஏதோ கிருமியாம்க்கா" என்றான். "கொஞ்ச நாள் இவள லீவு போடச் சொல்லணும்."

அவ்வளவுதான். அவளுக்குள் இத்தனை நாள் அடங்கிக் கிடந்தது அத்தனையும் பொங்கி வந்தது. ஆனால் குரல் உயரவில்லை. வகுப்பில் பேசுகிற குரல்தான் வந்தது.

"பாட்டில்ல ஒண்ணுமில்ல அண்ணி. புள்ள குடிச்சிட்டு மிச்சம் வச்ச பால மூடி போட்டு வச்சு, நாலு மணி நேரம் கழிச்சுக் குடுத்திருக்காரு உங்க தம்பி. டாக்டர் இவுரு முகத்துக்கு நேராவே சொன்னாரு. போன தடவ புள்ள ஆஸ்பத்திரில கெடந்தப்பவும் பால் குடுத்தது நானில்ல, இவுருதான். அன்னிக்கு வார்டுல வச்சுக் கேட்டீங்களே, அத இப்ப இவுரக் கேளுங்க."

கரண்ட் போய் ஃபேன் நின்றது. ராஜாமணி தம்பியைப் பார்த்தாள்.

"அப்படியாடா?"

"பால் வேஸ்ட்டா போவுதேன்னுதான்க்கா" என்றான்.

ராஜாமணி அதற்குப் பிறகு வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. இளநீரை வெட்டக் கத்தி கேட்டாள், வெட்டினாள், சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமைக்குள் அஜய் தெளிந்து, செருப்பைத் தேடி வாசலுக்குத் தவழ ஆரம்பித்துவிட்டான். ஷிப்ட் முடிந்து வந்த அன்பரசு, பழக்கதோஷத்தில் வாட்ச்சைக் கழற்றியபடியே சமையலறைக்குள் நுழைந்தான். அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. பாட்டில்களையும் காணோம். மேடையில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் மட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"இதுலயா? மேலெல்லாம் ஊத்திக்குவான் சிந்து."

"ஊத்திக்குவான். நீங்க தொடைச்சி விடுங்க" என்றாள். "மிச்சத்த மட்டும் வைக்காதீங்க."

கைப்பையை மாட்டிக்கொண்டு, முதல் மணிக்கு முன்னாலேயே பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டாள்.