ஏழாம் கப்பலின் சமையல்காரன்

அண்ணன் சின்ராசுவுக்குக் கறிக்குழம்பு ஊற்றிய கையோடு காளீஸ்வரி டிவியைப் போட்டாள். பாசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ‘ஏழாம் கப்பல்’ என்ற பழைய விண்வெளித் தொடரின் அந்த ஒரு பகுதியை மூன்று நாள் தேடிப் பிடித்து, அவன் சாப்பிட உட்காரும் நேரத்துக்கென்றே எடுத்து வைத்திருந்தாள். அவள் மட்டும் அதை நாலு தடவை பார்த்தாயிற்று.

அய்யா மொக்கச்சாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் இடுப்பில் குரங்கணி ஸ்டோரின் சாவி. மலையிலிருந்து வருகிற பச்சை ஏலக்காயை விறகுத் தீயில் உலர்த்துகிற ஸ்டோர் அது. இனி தன்னால் ஆகாது, சாவியை வாங்கிக்கொள் என்றுதான் மகனைப் போடிக்கு வரச் சொல்லியிருந்தார். மதுரையில் செல்போன் கடை வைத்திருப்பவனுக்கு ஏலக்காயின் வாசனையாவது ஞாபகம் இருக்குமா? போன மாசமே காளீஸ்வரி தனக்குக் கேட்டுப் பார்த்தாள். “கருக்குனவ கையில தீயக் குடுக்கச் சொல்றியா?” என்றார் கிழவர். அதோடு பேச்சு முடிந்தது.

காய் கருகியது இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. அய்யா மேலே எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். காலை பத்து மணிவரை தீப் பார்க்கிற முறை அவளுடையது, அதற்குமேல் அண்ணனுடையது. அவனோ ஸ்டோருக்கு எதிரே ஜீப் டிரைவர் வீட்டில் ஏழாம் கப்பலின் இதே பகுதியைப் பார்க்கப் போய்விட்டான். திரும்பி வராமல் முழுசாகப் பார்க்கலாம் என்று அடுப்பு நிறைய விறகைத் திணித்துவிட்டுத்தான் போயிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். பதினொன்றரைக்கு ஊரே நாறியது. நாலு தோட்டத்துக் காய் தவிட்டு நிறத்தில் வாய் பிளந்து கிடந்தது. பாதிப் படத்திலேயே கரண்டு போய்விட்டது, அப்போதே ஓடி வந்துவிட்டேன், காளிதான் போகும்போது விறகைத் திணித்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று சாமி மேல் சத்தியம் பண்ணினான் பாவி. பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவள் மறுநாளே படிப்பை விட்டு, நஷ்டத்தை அடைக்க மலைத்தோட்டத்தில் கூலிக்குக் காயெடுக்க ஜீப்பில் ஏறினாள். ‘கருக்கி’ என்ற பேர் அவளுக்கு முன்னாலேயே மலை ஏறியிருந்தது.

டிவியில் வெள்ளைக்காரர்கள் செந்தமிழில் கத்திக்கொண்டிருந்தார்கள். கப்பலில் காற்று ஒழுகியது. சின்ராசுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எலும்பை உறிஞ்சியபடி திரையையே பார்த்தான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிப் படம் தாண்டியது.

“அய்யா, இப்பப் பாருங்க. தளபதி உள்ள போவான்னு நெனப்போம். போக மாட்டான். அந்தச் சமையக்காரன்தான் எஞ்சின் ரூமுக்குள்ள போயிக் கதவ உள்பக்கமாப் பூட்டிக்கிருவான். கடேசியில அவன் கரண்டிய மட்டும் காட்டுவாங்க” என்றான் சின்ராசு.

அப்படியே காட்டினார்கள். காளீஸ்வரி குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

“பாதியில கரண்டு போயிருச்சுன்னு சொன்னீல்லண்ணே?”

அவன் கை இலையிலேயே நின்றது. பின்னால் ஒருநாள் டிவியில் மறுபடி போட்டார்கள், அப்போது பார்த்தேன் என்று முனகினான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. இத்தனை வருஷமாக அவள் பார்க்கத் துடித்தது அய்யாவின் முகத்தை. அந்த முகம் அதிரவே இல்லை.

“கரண்டு போகலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றார் கிழவர். “படம் முழுசா ஓடுச்சுன்னு ஜீப் டிரைவரே எங்கிட்டச் சொன்னான். தீப் பாக்குறவன் பேரு கெட்டா, எவன் நம்பிக் காயக் கொண்டாந்து போடுவான்? ஸ்டோர நடத்த வேண்டியவன் அவன். நீ கட்டிக்கிட்டுப் போறவதான?”

நடத்த வேண்டியவன் மறு வருஷமே மதுரைக்கு ஓடிப்போனான். கட்டிக்கொண்டு போனவள்தான், அடுத்த தெருவிலிருந்து வந்து பத்து வருஷமாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறாள். அண்ணன் மேல் இருந்த ஆத்திரம் அவளுக்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. இந்த மனுசனுக்கா உழைத்தோம் என்றிருந்தது.

அய்யா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் கட்டிலில் வைத்தார். சின்ராசு கை கழுவ எழுந்தான்.

“உக்காருண்ணே.”

அவன் உட்கார்ந்தான். காளீஸ்வரி வாசற்படியை அடைத்து அமர்ந்து ரிமோட்டை எடுத்தாள்.

“மொதல்ல இருந்து பாப்போம். அய்யா சரியாப் பாக்கல.”

கப்பல் மறுபடி கிளம்பியது. இன்னும் சாகாத சமையல்காரன் சட்டியைக் கிண்டி, கரண்டியில் கொஞ்சம் எடுத்து ருசி பார்த்துச் சிரித்தான். சின்ராசுவின் விரல்களில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது. சாவி கட்டிலில் கிடந்தது.